அவர் சம்மதித்தார் என்பதால் நாம் பார்க்கலாமா?





சினிமாவைப் பற்றி மிம்பரில் பேசினால் இரண்டு விதமான முணுமுணுப்பு வரும். "ஹராம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஹஜ்ரத் இறங்கலாமே" என்பது ஒன்று. "உலகம் எங்கேயோ போய்விட்டது, இவர் இன்னும் இதையே பேசுகிறார்" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் பிள்ளைகளின் கேள்வி ஒன்று பதில் கிடைக்காமல் நிற்கிறது. கோவில்பட்டி, கயத்தாறு, இடைசெவல் என்று இந்தக் கரிசல் வட்டாரத்திலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போன வாலிபர்கள் கேட்கிற கேள்வி அது.

"ஹஜ்ரத், அந்த நடிகை தானே விரும்பித்தான் நடித்திருக்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சம்பளம் வாங்கியிருக்கிறார். சென்சார் போர்டும் சான்றிதழ் கொடுத்துவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. என் அறையில் நான் தனியாகப் பார்க்கிறேன். இதில் யாருக்கு என்ன அநியாயம்?"

இந்தக் கேள்வியைக் கேட்பவனை வெட்கம் கெட்டவன் என்று தள்ளிவிட வேண்டாம். அவன் நியாயத்தைப் பற்றித்தான் கேட்கிறான். 'அநியாயம் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும், இங்கே அநியாயம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்' என்கிறான். காட்ட வேண்டியது நம் கடமை.

நடிப்பவர்களே என்ன சொல்கிறார்கள்?

முதலில் நடிப்பவர்களின் பேச்சைக் கேட்போம். அவர்களை ஒரே கூட்டமாக நினைத்து ஏசிவிட்டுப் போவது நமக்கு எளிது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை.

2019ஆம் ஆண்டின் கோடையை நினைத்துப் பாருங்கள். ஜூன் 30 அன்று ஸாயிரா வசீம் என்ற காஷ்மீரத்து இளம்பெண் திரைத்துறையை விட்டு விலகுவதாக அறிவித்தார். 'தங்கல்' படத்துக்காகச் சிறு வயதிலேயே தேசிய விருது வாங்கியவர். இந்தத் தொழில் தன் ஈமானிலிருந்து தன்னை மெல்ல மெல்ல விலக்குகிறது என்பதே அவர் சொன்ன காரணம். அடுத்த மாதமே தமிழில் ரத்னகுமார் இயக்கிய 'ஆடை' வெளியானது. ஆளில்லாத ஒரு பெரிய கட்டடத்தில் ஆடையின்றிக் கண் விழிக்கும் பெண்ணாக அதில் அமலா பால் நடித்தார். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ். யாரும் வற்புறுத்தி நடிக்கவில்லை, கதையை முழுவதும் படித்து ஏற்றுக்கொண்டேன் என்பதே அவருடைய நிலை.

ஒருவர் விலகினார், ஒருவர் ஏற்றார். ஆனால் அந்தக் காட்சி எடுத்த நாளைப் பற்றி அமலா பால் சொன்னதைக் கவனியுங்கள். படப்பிடிப்புக்குப் போகும்போது மனத்தில் பதற்றம் இருந்தது; தளத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், பாதுகாப்பு இருக்குமா என்ற கவலை இருந்தது; கடைசியில் 15 பேர் மட்டுமே இருந்தார்கள், அவர்களை நம்பியதால்தான் நடிக்க முடிந்தது என்றார்.

சகோதரர்களே, இந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது? 'உடம்பு என் தொழிலின் கருவி, அவ்வளவுதான்' என்பது முழு உண்மையாக இருந்தால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஏன் எண்ண வேண்டும்? தச்சர் தம் உளியைப் பார்ப்பவர்களை எண்ணுவதில்லை. சம்மதம் கொடுத்த பிறகும் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிற அந்த உள்ளுணர்வைத்தான் நம் மார்க்கம் ஹயா என்கிறது. அது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. அதன் விதையை அல்லாஹ் மனித ஃபித்ராவிலேயே வைத்திருக்கிறான். சுவர்க்கத்தில் விலக்கப்பட்ட மரத்தைச் சுவைத்ததும் ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் முதலில் செய்தது என்ன? இலைகளால் தங்களை மூடிக்கொண்டார்கள். அங்கே அவர்களைப் பார்க்க மூன்றாவது மனிதர் யாரும் இல்லை.

சம்மதத்துக்குப் பின்னால் இருப்பவை

இனி சம்மதம் என்ற சொல்லுக்கு வருவோம். திரையில் தெரிவது காட்சி மட்டும்தான். அதற்குப் பின்னால் இருந்த சம்மதம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரிவதில்லை.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் நீதிபதி ஹேமா தலைமையில் அமைந்த குழு, மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை விசாரித்து 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை கொடுத்தது. அது மக்கள் கைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 19இல். அதில் பெயர் மறைக்கப்பட்ட ஒரு நடிகையின் நிலை வருகிறது. தம்மிடம் அத்துமீறிய ஒருவருடனேயே மறுநாள் கணவன் மனைவியாகக் கட்டியணைத்து நடிக்க வேண்டிய நிலை. முகத்தில் அந்த வேதனை தெரிந்ததால் அந்த ஒரு ஷாட்டுக்கு 17 டேக் போனது. இயக்குநரிடம் திட்டும் வாங்கினார். அந்தப் படம் திரைக்கு வந்தபோது பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 'ஜோடிப் பொருத்தம் நன்றாக இருக்கிறது' என்று நினைத்திருப்பார்கள். இன்னொரு நடிகைக்கு நெருக்கமான காட்சி ஓரளவுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, பிறகு மேலும் மேலும் கேட்டிருக்கிறார்கள். அவர் படத்தை விட்டே வெளியேறிவிட்டார். ஏற்கெனவே எடுத்த காட்சியை அழிக்க வேண்டுமானால் நேரில் வரவேண்டும் என்று அவரிடம் சொல்லப்பட்டதாக அறிக்கை பதிவு செய்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 1972இல் வெளிவந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு வயது 19. வன்முறையான ஒரு காட்சியின் முக்கியமான விவரத்தை அவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்ததை இயக்குநர் பெர்டோலூச்சி பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார். அன்று தாம் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்ததை ஷ்னைடர் 2007இல் ஒரு பேட்டியில் சொன்னார். 35 ஆண்டுகளாக அந்தக் காட்சியைக் கலை என்று பார்த்தவர்கள், ஒரு பெண்ணின் உண்மையான கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழர்களுக்கு இதைச் சொல்ல வெளிநாடு போகவே வேண்டாம். வறுமையால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட விஜயலட்சுமி என்ற ஆந்திரத்துப் பெண், 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தின் வழியாக சில்க் ஸ்மிதா ஆனார். அவர் ஒரு பாட்டுக்கு ஆடினால்தான் படம் விலை போகும் என்ற காலம் இருந்தது. பார்த்த ஊரே அவரை இழிவாகவும் பேசியது. 1996 செப்டம்பர் 23 அன்று தம் 35ஆம் வயதில் சென்னையில் உயிரிழந்தார். 2011இல் அவர் வாழ்க்கையைத் தழுவி இந்தியில் படம் வந்தது. அவராக நடித்தவருக்குத் தேசிய விருது கிடைத்தது. வாழ்ந்தவருக்குக் கிடைத்ததோ நம் கண்ணும் நம் நாக்கும்தான்.

எல்லை தாண்டிப் போகும் படம்

'எல்லா நடிகைகளும் அப்படி வற்புறுத்தப்பட்டவர்கள் அல்லவே' என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். வெளிநாடுகளில் 2018 முதல் நெருக்கக் காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பு வந்திருக்கிறது. எதுவரை தொடலாம், எதை மறைக்க வேண்டும், யார் தளத்தில் இருக்கலாம் என்று முன்பே எழுதி, நடிப்பவர் இடையில் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவது அவர் வேலை. இந்தியாவிலும் இப்போது அந்தப் பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. உழைப்பவர் அவமானப்படாமல் இருக்க எந்த ஏற்பாடு வந்தாலும் அது நல்லதே. அநியாயத்தைக் குறைக்கிற எதையும் ஒரு முஸ்லிம் ஏளனம் செய்ய மாட்டான்.

ஆகவே, முழு மனத்தோடு, எந்த நெருக்கடியும் இல்லாமல் சம்மதித்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். அவர் சம்மதித்தது எதற்கு?

வேலூரில் பிறந்த ராதிகா ஆப்தேயைக் 'கபாலி' பார்த்தவர்கள் அறிவார்கள். வேறொரு குறும்படத்தில் அவர் நடித்த காட்சி, படத்திலிருந்து திருட்டுத்தனமாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் பரவியது. நான்கு நாள்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை என்று பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். ஊடகங்கள் பேசியதற்காக அல்லவாம். தம் கார் ஓட்டுநரும் காவலாளியும் அந்தப் படங்களில் தம்மை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதற்காக. இவர் வெட்கப்பட்டு ஒதுங்குகிறவர் அல்ல. துணிச்சலான வேடங்களுக்குப் பேர் போனவர். அவருக்கே அந்த நிலை. 2016இல் 'பார்ச்ட்' படத்தின் ஒரு காட்சி கசிந்தபோது அவர் இன்னொன்றும் கேட்டார். அந்தக் காட்சியில் ஆண் ஒருவரும் இருக்கிறாரே, ஏன் என் பெயரை மட்டும் போட்டுப் பரப்புகிறீர்கள்?

இங்கே நடந்ததைப் பாருங்கள். ஒரு கதைக்குள், ஒரு கதாபாத்திரத்துக்காக, குறிப்பிட்ட சிலர் முன்னிலையில் அவர் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். நம் கைக்கு வந்தது கதை இல்லை, கதாபாத்திரம் இல்லை. சில விநாடி உடம்பு மட்டும். அதற்கு அவர் எப்போது கையெழுத்துப் போட்டார்? நாட்டின் சட்டமே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது. ஒரு பெண் தன் அந்தரங்கத்தைப் படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியவர் குற்றவாளி. பழைய தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் யோசியுங்கள். சம்மதித்தவர் நாளை மனம் மாறினால்? ஸாயிரா வசீம் ஆபாசமாக நடித்தவர் அல்ல. ஆனாலும் 2020 நவம்பரில் தம் படங்களை எடுத்துவிடும்படி ரசிகர்களின் பக்கங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். இணையத்திலிருந்து எல்லாவற்றையும் நீக்க முடியாது என்பது தமக்கே தெரியும் என்றும் சொன்னார். தவ்பாவின் வாசலை அல்லாஹ் மூடுவதில்லை. ஆனால் தவ்பா செய்தவரின் பழைய படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது யார்? நாம்தான்.

சம்மதம் ஹராமை ஹலாலாக்குமா?

இப்போது மார்க்கத்தின் அடிப்படைக்கு வருவோம். கொடுக்கல் வாங்கலில் இரு தரப்பின் மனப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று அல்லாஹ் ஸூரா நிஸாவின் 29ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். சம்மதம் இல்லாத வியாபாரம் கூடாது. ஆனால் சம்மதம் இருந்தால் மட்டும் போதுமா?

வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் வட்டிக்கு வாங்கி நொந்த விவசாயி எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். மழை பொய்த்த வருஷம் கடன் கேட்டுப் போனவர் தாமாகத்தான் போனார். பத்திரத்தில் தாமாகத்தான் ரேகை வைத்தார். வாங்கியவர் சம்மதம், கொடுத்தவர் சம்மதம். அதனால் அது ஹலால் ஆகிவிட்டதா? இல்லை. ஏனென்றால் வட்டி வாங்குகிறவனின் கை எதைத் தொடலாம் என்பதைக் கடன் வாங்கியவனின் சம்மதம் தீர்மானிப்பதில்லை.

பார்வையும் அப்படித்தான். நடிகையின் கையெழுத்து அவருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான கணக்கு. உங்கள் கண்ணோ உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான அமானிதம். மறுமையில் செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று ஸூரா இஸ்ராவின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. அங்கே கேட்கப்படுவது உங்கள் பார்வையைப் பற்றி. "அவர் காட்டினார்" என்பது அவருடைய கேள்விக்குப் பதிலாகலாம், உங்களுடைய கேள்விக்கு ஆகாது.

ஆண் இன்னொரு ஆணின் அவ்ரத்தையும், பெண் இன்னொரு பெண்ணின் அவ்ரத்தையும் பார்க்கக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது முஸ்லிம் நூலில் இருக்கிறது. காட்டுபவர் சம்மதித்தால் பார்க்கலாம் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. 2022இல் ஓர் இந்தி நடிகர் பத்திரிகை ஒன்றுக்கு ஆடையின்றிப் படமெடுத்துக்கொண்டபோது பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். அதையே ஒரு நடிகை செய்தால் ஊரே கல்லெறிகிறது. நம் ஷரீஅத்தில் ஆணுக்கும் அவ்ரத் உண்டு, ஆணின் உடம்புக்கும் மானம் உண்டு.

பார்த்தவரின் முகத்தைத் திருப்பிய கை

விடைபெறும் ஹஜ்ஜின்போது நடந்த சம்பவம் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நபி (ஸல்) அவர்களின் வாகனத்தில் பின்னால் ஃபள்லு பின் அப்பாஸ் (ரலி) அமர்ந்திருந்தார்கள். வாலிபர், அழகானவர். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் வந்து, வாகனத்தில் உட்காரக்கூட முடியாத தம் வயதான தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கேட்டார். ஃபள்லு (ரலி) அந்தப் பெண்ணைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது நபியவர்கள் தம் கையால் ஃபள்லுவின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்கும் பதில் சொன்னார்கள்.

அந்தக் கை எங்கே போனது என்று பாருங்கள். பார்த்தவரின் முகத்துக்குப் போனது. கேள்வி கேட்க வந்த பெண் விரட்டப்படவில்லை, ஏசப்படவில்லை. ஸூரா நூரிலும் இதே வரிசைதான். பெண்களின் ஆடை பற்றிப் பேசும் 31ஆம் வசனத்துக்கு முன்னால், ஆண்கள் பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்ற 30ஆம் வசனம் வருகிறது. நாமோ முதல் வசனத்தைத் தாண்டி நேராக இரண்டாவதுக்குப் போய்விடுகிறோம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நடிகையின் பெயரைச் சொல்லிக் காறித் துப்புகிறவர், ராத்திரி அதே பெயரைக் கைப்பேசியில் தேடுகிறார். காலையில் நாக்கால் ஒரு பாவம், இரவில் கண்ணால் ஒரு பாவம். இரண்டுக்கும் அந்தப் பெண்தான் விலை கொடுக்கிறார். தாகத்தால் தவித்த ஒரு நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்காக விபசாரத்தில் இருந்த ஒரு பெண்ணை அல்லாஹ் மன்னித்ததாக ஹதீஸ் இருக்கிறது. திரையில் நடிக்கும் ஒருவரின் முடிவு என்னவென்று நமக்குத் தெரியாது. நம் முடிவும் நமக்குத் தெரியாது. அவர் செய்ததைச் சரி என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தீர்ப்பு எழுதும் பேனா நம் கையில் இல்லை என்கிறேன்.

கதைக்குத் தேவைப்பட்டால்?

படித்த சகோதரர்கள் இன்னொரு கேள்வி வைப்பார்கள். கொடுமையைக் கொடுமையாகக் காட்ட வேண்டாமா? 1994இல் வந்த 'பண்டிட் குயின்' படத்தில் ஒரு பெண்ணை ஊர் நடுவே நிர்வாணமாக நடத்திச் செல்லும் காட்சி வந்தது. அது இச்சையைத் தூண்டுவதற்கல்ல, அக்கொடுமையைச் செய்தவர்கள் மீது அருவருப்பை உண்டாக்குவதற்கு என்று சொல்லி 1996இல் உச்சநீதிமன்றம் அந்தப் படத்தை அனுமதித்தது. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல.

ஆனால் அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தார். பூலன் தேவி. தனக்கு நேர்ந்ததைத் தன் அனுமதியின்றி உலகத்துக்குக் காட்டுகிறார்கள் என்று அவரே அந்தப் படத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார். அவருக்காகப் பேசுவதாகச் சொன்ன படம், அவர் மூட நினைத்ததைத் திறந்தது. நாடு எதை அனுமதிக்கலாம் என்பது நீதிபதிகளின் கேள்வி. நாம் எதைப் பார்க்கலாம் என்பது நம் கேள்வி.

திறந்து காட்டாமல் சொல்ல முடியாதா? குர்ஆனில் ஸூரா யூஸுஃபைப் பாருங்கள். ஆசை இருக்கிறது, பூட்டிய கதவுகள் இருக்கின்றன, வீட்டு எஜமானியின் அழைப்பு இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, வீண்பழி இருக்கிறது. இச்சையைப் பற்றிய எதையும் அல்லாஹ் மூடி மறைக்கவில்லை. ஆனால் யாருடைய உடம்பையும் நமக்குக் காட்டவில்லை. பின்புறம் கிழிந்த ஒரு சட்டை மட்டும் நம் கண்முன் வைக்கப்படுகிறது. அந்தக் கிழிசலே சாட்சி சொல்லி யூஸுஃப் (அலை) அவர்களின் மானத்தைக் காக்கிறது. அவ்வளவு பெரிய சோதனையைச் சொல்ல ஒரு சட்டைக் கிழிசல் போதுமாக இருந்தது.

கரிசலில் விளைந்த ஆடை

மானத்தை மறைக்கும் ஆடையை இறக்கியருளியதாக ஸூரா அஃராஃபின் 26ஆம் வசனத்தில் அல்லாஹ் ஆதமின் மக்கள் அனைவரையும் அழைத்துச் சொல்கிறான். முஸ்லிம்களை மட்டும் அழைக்கவில்லை. ஆடை வானத்திலிருந்தா இறங்கியது? மழை இறங்குகிறது, அதனால் பருத்தி விளைகிறது என்று இமாம் குர்துபி (ரஹ்) போன்றவர்கள் விளக்கம் எழுதினார்கள். இந்த விளக்கம் கரிசல்காட்டு மனிதனுக்குப் புரிவதுபோல் வேறு யாருக்குப் புரியும்? வானம் பார்த்த பூமியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு அண்ணாந்து நிற்பவர்கள் நாம். நம் காட்டில் வெடித்த பருத்திதான் மில்லில் நூலாகி யாரோ ஒருவரின் மானத்தை மூடியது.

இடைசெவல் என்ற சிற்றூர் தமிழுக்கு கி.ராஜநாராயணனையும் கு.அழகிரிசாமியையும் கொடுத்தது. அழகிரிசாமி எழுதிய 'ராஜா வந்திருக்கிறார்' என்ற கதையைப் பலர் படித்திருப்பீர்கள். தீபாவளி நேரத்தில் ஓர் ஏழை வீட்டுக்கு, உடுத்த நல்ல துணியில்லாத அநாதைச் சிறுவன் ஒருவன் வருகிறான். அவன் பெயர் ராஜா. அந்த வீட்டிலேயே துணிக்குப் பஞ்சம். ஆனாலும் அந்தத் தாய் அவனைக் குளிப்பாட்டி, தன் கணவனுக்கென்று வைத்திருந்த துணியை அவனுக்கு உடுத்திவிடுகிறாள். தங்கள் வீட்டுக்கும் ஒரு ராஜா வந்திருக்கிறார் என்று அந்த வீட்டுச் சிறுமி பெருமையாகச் சொல்கிறாள்.

அந்தத் தாய் முஸ்லிம் அல்ல, அந்த எழுத்தாளரும் முஸ்லிம் அல்ல. ஆனால் ஆதமின் மக்களுக்கு அல்லாஹ் வைத்த ஃபித்ரா அங்கே பேசுகிறது. துணியில்லாத ஓர் உடம்பு எதிரில் வந்தால் மனிதனுக்கு முதலில் தோன்ற வேண்டியது மூட வேண்டும் என்பது. உற்றுப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், நமக்குள் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. திரையில் வருகிற நடிகையும் ஒரு மனிதப் பிறவி. அவரே தம் ஆடையைக் களைந்திருந்தாலும், நம் கண்ணை மூடி அவரை மூடுகிற வாய்ப்பு நம்மிடம் இருக்கிறது. படம் பிடித்தவரால் முடியாத, விற்றவரால் முடியாத அந்த நன்மை, பார்க்கிற இடத்தில் இருக்கும் நம்மால் முடியும். பிறரின் மானத்தை மூடுகிறவரை மறுமையில் அல்லாஹ் மூடுவான் என்பது நபிமொழி.

நாம் செய்ய வேண்டியது

இதைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும் சகோதரரே! அதே கைப்பேசியில்தான் அதுவும் வரும். வந்தால் நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, திறக்காமல் அழித்துவிடுங்கள். எதிர்பாராமல் கண்ணில் பட்டுவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். திடீர்ப் பார்வையைப் பற்றி ஜரீர் (ரலி) கேட்டபோது நபியவர்கள் சொன்ன வழி அதுதான்.

இரண்டு, யாருக்கும் அனுப்பாதீர்கள். 'எவ்வளவு அசிங்கம் பாருங்கள்' என்று கண்டிப்பதற்காக அனுப்புவதும் பரப்புவதுதான். நீங்கள் தூங்கிய பிறகும் அந்தக் காட்சி போய்க்கொண்டே இருக்கும். பாவமும் அதனுடன் போய்க்கொண்டே இருக்கும்.

மூன்று, நடிப்பவர்களின் பெயரை வைத்துக் கேலி பேசும் சபையில் உட்காராதீர்கள். ஒருவர் 'இதற்கு மேல் நடிக்க மாட்டேன்' என்று எல்லை போட்டால், எந்த மதத்தவராக இருந்தாலும் அதை மதித்துப் பேசுங்கள். ஒருவர் விட்டு விலகினால் அவருடைய பழைய படங்களைத் தோண்டி எடுக்காதீர்கள்.

நான்கு, பிள்ளைகளிடம் பேசுங்கள். மகளிடம் ஆடையைப் பற்றிப் பேசுகிற தகப்பன்மார் பலர். மகனிடம் கண்ணைப் பற்றிப் பேசுகிற தகப்பன்மார் எத்தனை பேர்? விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த வாலிபரை நபி (ஸல்) அவர்கள் அருகில் அழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று நிதானமாகக் கேட்டார்கள். பிறகு அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். அஹ்மதில் இந்த ஹதீஸ் இருக்கிறது. அடித்துத் திருத்தவில்லை, கேள்வி கேட்டுத் திருத்தினார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வியும் அந்தக் கையும் வேண்டும்.

படப்பிடிப்புத் தளத்தில் நடிப்பவரைக் காக்க ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்துவிட்டார்கள். நடுநிசியில் பூட்டிய அறையில் கைப்பேசிக்கு முன்னால் உட்காருகிறவனுக்கு அப்படி யாரும் இல்லை. தனிமையில் இருக்கும்போதும் வெட்கப்படுவதற்கு அல்லாஹ்வே மிகவும் உரியவன் என்று நபியவர்கள் ஒரு தோழருக்குச் சொன்னது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இருக்கிறது. அந்தப் பார்வையாளனை நினைவில் வைத்திருப்பவனுக்கு வேறு காவல் தேவையில்லை.

'இதில் யாருக்கு என்ன அநியாயம்?' என்று கேட்ட வாலிபருக்கு என் பதில் இதுதான். அவருக்கு அநியாயம் நடந்ததா என்று திரையைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. உங்களுக்கு நீங்களே செய்துகொள்கிற அநியாயம் மட்டும் நிச்சயம். அவர் சம்மதித்தார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். உங்கள் கண்ணைப் படைத்தவன் சம்மதித்தானா என்று கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பார்வைகளை ஹராமிலிருந்து காப்பாற்றுவாயாக! எங்கள் நாவுகளைப் பிறர் மானத்தை மேயாமல் தடுப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு ஹயாவை அணியாகத் தருவாயாக! நெருக்கடியில் சிக்கி இழிவுபடுத்தப்படும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் கண்ணியமான வாழ்வாதாரத்தையும் விடுதலையையும் தருவாயாக! எங்கள் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மூடி மறைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.